கையெழுத்திடாத விவசாயி



‘மனசாட்சிக்காகக் குடும்பத்தைத் தவிக்க விடலாமா?’ இதுதான் இன்றைய கருத்தரங்கின் கேள்வி. பேச்சாளர்களை அழைப்பதற்கு முன், நெறியாளர் என்ற முறையில் ஓர் உண்மை வரலாற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

ஆஸ்திரியாவில் செயின்ட் ராடெகுண்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் என்ற விவசாயி வாழ்ந்தார். மனைவி ஃபிரான்சிஸ்கா, மூன்று பெண் பிள்ளைகள். ஊர்த் தேவாலயத்துப் பணிகளையும் அவர் கவனித்து வந்தார்.

1938 ஏப்ரலில், ஆஸ்திரியா ஹிட்லரின் ஜெர்மனியோடு இணைக்கப்பட்டதை ஏற்கிறீர்களா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. ஆயர்களே ஆதரித்து வாக்களிக்கச் சொன்னார்கள். அந்த ஊரில் எதிர்த்து வாக்களித்தவர் ஃபிரான்ஸ் ஒருவர்தான்.

1940இல் படைக்கு அழைத்தார்கள். போனார், பயிற்சியும் பெற்றார். பின்னர் விவசாய வேலைக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நாஜிகளின் போர் அநியாயமானது, இனி அதில் ஆயுதம் ஏந்துவது பாவம் என்று அவருக்குத் தெளிவாயிற்று. லின்ஸ் நகர ஆயரிடம் போய் ஆலோசனை கேட்டார். போரின் நியாயத்தை அரசு பார்த்துக்கொள்ளும், நீ குடும்பத்தைப் பார் என்ற பொருளில்தான் அறிவுரை கிடைத்தது.

1943 பிப்ரவரியில் மீண்டும் அழைப்பு வந்தது. முகாமுக்குப் போய், போரிட மாட்டேன் என்று நேரிலேயே சொன்னார். காயம்பட்டோருக்குத் தொண்டு செய்யத் தயார் என்றார். அது ஏற்கப்படவில்லை. ஜூலை 6ஆம் தேதி பெர்லினில் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. கையெழுத்திட்டால் உயிர் பிழைக்கலாம் என்ற தாள் கடைசி இரவிலும் அவர் மேசையில் இருந்ததாக, அப்போது சந்தித்த பாதிரியார் பின்னர் கூறினார். ஃபிரான்ஸ் அதை ஒதுக்கிவிட்டார். ஆகஸ்ட் 9ஆம் தேதி தலை துண்டிக்கப்பட்டது. அப்போது வயது 36. மூத்த மகளுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை.

ஃபிரான்சிஸ்கா முதலில் கணவரின் மனத்தை மாற்ற முயன்றவர். ஊரே அவருக்கு எதிராக நின்றபோது, அவர் பக்கம் நின்றார். போர் முடிந்து ஹிட்லர் ஒழிந்த பிறகும் 1950 வரை அவருக்கு விதவை உதவித்தொகை மறுக்கப்பட்டது.

1997இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. 2007 அக்டோபர் 26ஆம் தேதி லின்ஸ் பேராலயத்தில் ஃபிரான்ஸ் அருளாளராக அறிவிக்கப்பட்டார். அப்போது 94 வயதான ஃபிரான்சிஸ்காவும் அங்கே அமர்ந்திருந்தார்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். அந்தக் குடும்பத்தைத் தவிக்க விட்டது யார்? கொல்ல மறுத்தவரா, மறுத்ததற்காக அவரைக் கொன்ற அரசா, அதற்குப் பிறகும் அந்தத் தாயை ஒதுக்கி வைத்த சமுதாயமா?

சிந்தித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.