திருமலை நாயக்கர் அரண்மனை: எஞ்சி நிற்கும் தூண்கள்

பாரசீகத்தின் இசுபகான் நகரில் 1647இல் முற்றுப்பெற்ற அரச மண்டபத்திற்கு 'நாற்பது தூண்' என்பது பெயர். எண்ணிப் பார்ப்பின் முகப்பில் மரத்தூண்கள் இருபதே உள. முன்னுள்ள குளத்தில் விழும் நிழலையும் கூட்டியே நாற்பது என்றனர். கவிஞர் எவரேனும் இட்ட பெயர் போலும்! சஃபாவி மன்னர் அயல்நாட்டுத் தூதரை வரவேற்ற இடம் அது.

அதனினும் பதினோராண்டு மூத்தது, மதுரையில் திருமலை நாயக்கர் (1623-1659) 1636இல் எழுப்பிய அரண்மனை. இதன் தூண்களுக்கு நீர்நிழல் வேண்டுவதில்லை. ஒருவர் இருகையாலும் தழுவவியலாப் பருமையுடைய அவை வெண்சுதை பூசி மெருகேற்றப்பெற்றவை. அவற்றை இணைக்கும் மடல்விரி வளைவுகள், பாரசீகக் கட்டடக் கலையில் வளர்ந்து, தக்காணச் சுல்தானியர் வழியே விசயநகரம் புகுந்து, பின் தென்னகம் அடைந்த மரபின. வளைவுகளுக்கு மேலோ நம் கோயில் யாளிகள் நிற்கின்றன. இத்தாலியர் ஒருவர் வகுத்த கட்டடம் என்பாரும் உளர். யாளியைக் கண்டபின் அக்கூற்றை ஏற்க மனம் வருவதில்லை.

சொர்க்க விலாசமே அரசு வீற்றிருந்த பேரவை. நாடகசாலை ஆடலுக்கும் பாடலுக்கும் உரியது. நவராத்திரி நாள்களில் இங்குப் பெருவிழா நிகழ்ந்தது. தாரமங்கலத்துக் கெட்டி முதலியார், சேந்தமங்கலத்து நாயக்கர் என நம் சேலம், நாமக்கல் பகுதிகளை ஆண்ட தலைவர்களும் இவ்வரசுக்கு அடங்கியவரே. ஆண்டுக்கொருமுறை மீனாட்சியம்மையின் செங்கோலை மன்னர் கோயிலில் பெற்று, ஊர்வலமாகக் கொணர்ந்து அரியணையில் வைத்துப் போற்றி, மாலையில் திருப்பியளிப்பார். அன்று அரியணை அவருடையதன்று.

தமிழ்ப்புலவர் ஒன்றை நினைத்தல் தகும். குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை நாயக்கர் கேட்டது கோயிலில் என்பதே மரபு. அரண்மனையிலோ தெலுங்கே செல்வாக்குற்றிருந்தது.

இம்மாளிகையைக் குலைத்தவர் பகைவரல்லர். பேரர் சொக்கநாத நாயக்கரே (1659-1682). தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இதன் பகுதிகளைப் பெயர்த்துத் தம் புதுமாளிகைக்குக் கொண்டு சென்றார். வேலூரைத் தழுவிச் செல்லும் காவிரி, அந்நகரையும் தழுவியே ஓடுகிறது. அங்கு இன்று இராணி மங்கம்மாள் பெயரால் வழங்கும் கொலுமண்டபம் அவர் எழுப்பியதேயாம்.

சென்னை ஆளுநர் நேப்பியர் (1866-1872) காலத்தில் எஞ்சியது செப்பனிடப்பெற்றது. பின்னர் நெடுங்காலம் நீதிமன்றங்கள் இங்கு இயங்கின. இன்று காண்பது பழைய பரப்பில் நான்கிலொரு கூறே என்பர். அரண்மனைக்குச் சற்று அப்பால், கடைகள் நெருங்கிய சந்தில், கருங்கல் தூண்கள் பத்து, தாங்குவதற்குக் கூரையின்றி நிற்கின்றன. அச்சந்திற்குப் பத்துத்தூண் என்றே பெயர்.