பன்னிரண்டு ஆண்டுப் பூவும் இரண்டு ஆண்டு அளவுகோலும்

1919-இல் சென்னையிலிருந்து ‘ஜர்னல் ஆஃப் இந்தியன் பாட்டனி’ என்ற இதழ் வெளிவரத் தொடங்கியது. அதைத் தொடங்கியவர் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த பிலிப் ஃபர்லி ஃபைசன். நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றி 1915-இல் நூல் வெளியிட்டவர் அவர். அடுத்த ஆண்டே இந்தியத் தாவரவியல் கழகம் அமைந்தது. சில ஆண்டுகளில் கழகம் அந்த இதழை ஏற்றுத் தன் பெயரில் நடத்தலாயிற்று. நூறாண்டு கடந்த அந்த இதழையோ அதுபோன்ற வேறொன்றையோ இன்று எடைபோட வேண்டி வந்தால், தேர்வுக் குழுக்கள் முதலில் கேட்பது அதன் தாக்கக் காரணி எவ்வளவு என்றுதான். அந்த எண் பொய் சொல்வதில்லை. ஆனால் அது வேறொரு வேலைக்காக, வேறொரு துறையின் வேகத்துக்கு ஏற்ப உருவான எண். தாவரவியல் இதழின் மீது அதை வைத்து அளந்தபோது இதழின் தரம் தெரியவில்லை. எந்தத் தாவரவியலைச் செய்யலாம், எதைக் கைவிடலாம் என்பதைத்தான் அது தீர்மானித்துவிட்டது.

ஃபைசனின் இதழ் ஏன் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் இந்தியச் செடி இந்தியாவில் பறிக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, கப்பலேறி, ஐரோப்பாவில்தான் பெயர் பெற்றது. அதை விவரிக்கும் ஏடும் பெரும்பாலும் அங்கேதான் அச்சானது. ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை சென்னையிலேயே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படத்தகடுகளோடு தம் தாவரப் படத்தொகுதியை அச்சிட்டது பெரிய விதிவிலக்கு. அதிலும் செடிகளை வரைந்த ரங்கையாவும் கோவிந்துவும் இந்தியர்கள், விவரித்தவர் ஸ்காட்லாந்துக்காரர். 1919-இல் தொடங்கிய இதழின் முதல் தொகுதிகளில் டி. எஸ். சப்னிஸ் இந்தியப் பாலைவனச் செடிகளின் உள்ளமைப்பைப் பற்றித் தொடர் கட்டுரை எழுதினார். நீரில்லாத மண்ணில் ஒரு செடி தன் இலையின் தோலை எப்படித் தடிக்க வைக்கிறது, இலைத்துளைகளை எங்கே ஒளித்துக்கொள்கிறது என்று ஒவ்வொரு செடியாக வெட்டிப் பார்த்து எழுதிய வேலை அது. செடி எங்கே வளர்கிறதோ அந்த நாட்டிலேயே ஆய்வும் எழுத்தும் அச்சும் நடந்தன. இதழின் வரலாற்றுப் பொருள் அதுதான்.

அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்தியத் தாவரவியலின் போக்கைக் கவனித்தால் ஆசிரியர்–மாணவர் பரம்பரைகளே ஆய்வின் திசையைத் தீர்மானித்தது தெரியும். கழகத்தின் முதல் தலைவர் வின்ஃபீல்ட் டட்ஜன் அலகாபாத்தில் கற்பித்தவர். அவரிடம் பயின்ற பஞ்சானன் மகேஸ்வரி பூக்கும் தாவரங்களின் கருவியலை ஓர் இயக்கமாகவே வளர்த்தார். 1950-இல் வந்த அவருடைய கருவியல் நூல் உலகெங்கும் பாடநூலாயிற்று. லக்னோவில் பீர்பால் சாஹ்னி புதைபடிவத் தாவரங்களைக் கையில் எடுத்தார். சென்னையில் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் குளத்திலும் வயலிலும் ஈரமண்ணிலும் பாசிகளைத் தேடினார். சூல் எப்படிக் கருவாகிறது, இழை எப்படிக் கிளைக்கிறது, கல்லில் பதிந்த இலை எந்தக் குடும்பம் என்று உருவத்தைக் கூர்ந்து பார்ப்பதே அன்றைய பொதுப்போக்கு. நுண்ணோக்கி, மெழுகில் பதித்து மெல்லிய சீவலாக வெட்டும் கருவி, வரைபலகை, நிறையப் பொறுமை இருந்தால் போதும். ஏழை நாட்டுக் கல்லூரி ஒன்று உலகத்தோடு சமமாக நின்று செய்யக்கூடிய அறிவியலாக அது இருந்தது. அந்த இதழின் பக்கங்கள் அதற்குத்தான் இடம் கொடுத்தன.

பிறகு நடந்ததைச் சிலர் வீழ்ச்சி என்கிறார்கள். எனக்கு அது பாகப்பிரிவினையாகத் தோன்றுகிறது. 1941-இல் மரபியலுக்கும் பயிர் மேம்பாட்டுக்கும் தனி இதழ், 1948-இல் பயிர்நோய் இயலுக்கு ஒன்று, 1951-இல் மகேஸ்வரி டெல்லியில் தொடங்கிய ‘ஃபைட்டோமார்ஃபாலஜி’, சாஹ்னி மறைந்த பின் 1952-இல் அவர் நினைவாக வந்த ‘தி பேலியோபாட்டனிஸ்ட்’, 1962-இல் பாசியியலுக்கென ‘ஃபைக்கோஸ்’ என்று பிரிந்துகொண்டே போனது. முன்பு ஒரே பொது இதழுக்கு வந்திருக்கக்கூடிய கட்டுரைகள் இப்படிப் பல இடங்களுக்குப் போயின. சொத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்த பெரியவரைப் பார்த்துக் கையிருப்பு குறைந்துவிட்டதே என்று குறை சொல்வதுபோலத்தான், பின்னாளில் இந்தப் பொது இதழின் மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது.

இந்த எண்ணும் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1927-இல் ‘சயின்ஸ்’ இதழில் கிராஸ் என்ற பெயர் கொண்ட இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். சிறிய கல்லூரி நூலகம் எந்த வேதியியல் இதழ்களை வாங்கிவைக்க வேண்டும் என்பதே அவர்களின் கேள்வி. அமெரிக்க வேதியியல் கழக இதழின் ஓராண்டுக் கட்டுரைகளில் எந்தெந்த இதழ்கள் எத்தனை முறை சுட்டப்பட்டுள்ளன என்று எண்ணிப் பார்த்து விடை கண்டார்கள். நூலகத்தில் எண்ணிக்கையைப் பயன்படுத்தும் சிந்தனைக்கு நம் பக்கத்திலும் ஒரு முன்னோடி உண்டு. மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவிட்டு 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், நூலகப் பணியைப் புள்ளியியல் கொண்டு ஆராயும் ஒரு துறை வேண்டும் என்று 1948-இல் இங்கிலாந்தில் முன்மொழிந்து அதற்கு ‘லைப்ராமெட்ரி’ என்று பெயரிட்டார். யூஜின் கார்ஃபீல்ட் 1955-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணை என்ற எண்ணத்தை வெளியிட்டார். 1964-இல் அட்டவணையே வந்தது. எந்த இதழ்களை அதில் சேர்ப்பது என்று முடிவு செய்யத்தான் தாக்கக் காரணி என்ற வகுத்தல் கணக்குப் பிறந்தது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டில் எத்தனை முறை சுட்டப்பட்டன என்று எண்ணி, அந்தக் கட்டுரைகளின் தொகையால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆக, இந்தக் கணக்குகள் எல்லாம் அலமாரியில் எதை வைப்பது, பட்டியலில் எதைச் சேர்ப்பது என்ற கேள்விகளுக்குப் பிறந்தவை. ஒரு விஞ்ஞானிக்குப் பதவி உயர்வு கொடுக்கலாமா என்ற கேள்வி அங்கே இல்லை.

உயிர்வேதியியலில் இரண்டு ஆண்டு என்பது நீண்ட காலம். தாவரவியலில்? குறிஞ்சியை எடுத்துக்கொள்வோம். நீலகிரியிலும் பழனிமலையிலும் மூணாறு மலைகளிலும் அது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலைச்சரிவு முழுக்க ஒன்றாகப் பூத்து, விதைவிட்டு, மடிகிறது. 1934-இல் பூத்ததைப் பற்றிய குறிப்பு மறு ஆண்டே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வந்தது. பிறகு 1946, 1958, 1970, 1982, 1994, 2006, 2018 என்று வரிசை தொடர்கிறது. 2018 பூப்பைக் கண்டு ஒருவர் 2019-இல் கட்டுரை வெளியிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தாக்கக் காரணிக் கணக்கில் அந்தக் கட்டுரைக்கு 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் மட்டுமே உயிர். அவர் சொன்னது சரியா என்று சரிபார்க்க அடுத்த வாய்ப்பு 2030-இல்தான் வரும். அப்போது அதைப் படித்துச் சுட்டும் ஒவ்வொரு கட்டுரையும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கும். 1935-இன் குறிப்புக்கு மதிப்பு வந்ததே அதற்குப் பின் பல பூப்புகள் வந்து வரிசை உறுதியானதால்தான்.

இதைவிட ஆழமான ஒரு கோளாறும் இருக்கிறது. மேற்கோள் காட்டும் வழக்கம் கார்ஃபீல்டுக்கு இருநூறு ஆண்டு முன்பிருந்தே தாவரவியலில் உண்டு. 1753-இல் வந்த லின்னேயஸின் நூலைத் தொடக்கமாகக் கொண்டு, எந்தச் செடிக்கு யார், எந்த ஏட்டில், எந்தப் பக்கத்தில் முதலில் முறைப்படி பெயரிட்டார் என்பதைச் சுட்டுவதே மரபு. ஒரு தாவரத் தொகுப்பு நூலைத் திறந்தால் ஒவ்வொரு செடியின் பெயருக்குப் பின்னும் மனிதர் பெயர்ச் சுருக்கம், நூல் அல்லது இதழின் பெயர்ச் சுருக்கம், தொகுதி, பக்கம், ஆண்டு என்று நெருக்கியடித்த ஒரு வரி இருக்கும். குறிஞ்சியின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் நீஸ் என்ற ஜெர்மானியர் நிற்கிறார். 1832-இல் அவர் அதை வேறொரு பேரினத்தில் வைத்துப் பெயரிட்டார் என்பதற்கான அடையாளம் அந்த அடைப்புக்குறி. வெளியே நிற்பவர்கள் அதை இன்றைய பேரினத்துக்கு மாற்றியவர்கள். இருநூறு ஆண்டு நெருங்கும் ஒரு கடனை இந்தச் சின்னக் குறி இன்னும் நேர்மையாகச் செலுத்திக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்தச் சுட்டுகள் கட்டுரையின் நடுவில், பெயரின் ஒட்டாக வருபவை. கடைசிப் பக்கத்துத் துணைநூல் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அட்டவணைகள் எண்ணுவது அந்தப் பட்டியலைத்தான். மறுபக்கம் பாருங்கள்: 1962-இல் முராஷிகேயும் ஸ்கூகும் திசு வளர்ப்புக்கான ஊட்டக் கரைசலின் அளவுகளை வெளியிட்டார்கள். அந்தக் கரைசலைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாரும் அதைப் பட்டியலில் சேர்ப்பதால், தாவர அறிவியலிலேயே மிக அதிகமாகச் சுட்டப்படும் கட்டுரைகளில் ஒன்றாகிவிட்டது அது. தகுதியான புகழ்தான். ஆனால் அந்தக் கரைசலில் வளர்க்கப்பட்ட செடியைக் கண்டுபிடித்துப் பிரித்தறிந்து பெயரிட்டவரின் ஏடு அதே கட்டுரையில் ஒரு முறைகூட எண்ணப்படாமல் போகிறது. இரண்டும் பயன்பாடே. ஒன்று கணக்கில் ஏறுகிறது, மற்றது ஏறவில்லை.

இதற்கு எதிர்வாதம் உண்டு. இரண்டு ஆண்டுக்குப் பதில் ஐந்து ஆண்டுக் காரணியும் இப்போது தருகிறார்களே, பழைய கட்டுரைகள் எவ்வளவு காலம் சுட்டப்படுகின்றன என்பதைக் காட்டும் மேற்கோள் அரை ஆயுளும் தருகிறார்களே என்பார்கள். உண்மை. கியூ புல்லட்டின் போன்ற வகைப்பாட்டு இதழ்களுக்கு அந்த அரை ஆயுள் பத்தாண்டைத் தாண்டுகிறது. ஆனால் என் வாதத்துக்கு வலுச் சேர்ப்பதும் அதுவே. நீண்ட காலம் வாழும் இதழ் என்று காரணியைத் தரும் நிறுவனத்தின் அறிக்கையே சொல்கிறது, ஆனாலும் குழுக்கள் கேட்பது ஈராண்டு எண்ணைத்தான். பெயரோடு ஒட்டிவரும் சுட்டுகளோ எந்தக் காலச்சட்டத்திலும் சேர்வதில்லை.

இன்னொரு மறுப்பைத் தட்டிவிட முடியாது. இந்தியர்களே தங்கள் சிறந்த வேலையை வெளிநாட்டுக்கு அனுப்பினார்களே, அப்படியானால் உள்நாட்டு இதழ் இரண்டாந்தரம் என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகாதா? ஐயங்கார் ஈரமண்ணில் கண்ட ‘ஃபிரிட்ஷியெல்லா’ என்ற பாசியை 1932-இல் வெளியிட்டது ‘நியூ ஃபைட்டாலஜிஸ்ட்’. மண்ணுக்குள் இறங்கும் இழையும் மேலெழும் இழையும் கொண்ட அந்தச் சின்னப் பச்சைப் பாசி, தாவரங்கள் நிலத்துக்கு ஏறிய கதையைப் பேசும் பாடநூல்களில் எல்லாம் இடம்பிடித்தது. டெல்லியில் ஊமத்தையின் மகரந்தப்பையிலிருந்து கருக்களை வளர்த்த சிப்ரா குஹாவும் எஸ். சி. மகேஸ்வரியும் 1964-இல் அதை ‘நேச்சர்’ இதழில் அறிவித்தார்கள். ஆக, உலகின் கவனம் தேவைப்பட்ட கண்டுபிடிப்பு வெளியே போனது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கண்டுபிடிப்பு வெறும் வெளியில் பிறக்கவில்லை. மகரந்தம் எப்போது பிரிகிறது, சூல்பை எப்படி உருவாகிறது என்று ஒவ்வொரு குடும்பமாக எழுதிக் குவித்த பல பத்தாண்டுக் கருவியல் மரபின் மேல்தான் பஞ்சானன் மகேஸ்வரியின் டெல்லி ஆய்வுக்குழு நின்றது. அந்த மரபு வளர்ந்தது பெருமளவு இந்திய ஏடுகளில். உச்சியில் வைத்த ஒரு கல்லுக்கு மட்டும் மேற்கோள் குவிகிறது, அடித்தளத்துக்கு இல்லை. ஐயங்காரின் மாணவர் டி. வி. தேசிகாச்சாரி 1959-இல் நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி வெளியிட்ட பெரும் நூலை உலகெங்கும் பாசியியலாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். ஆனால் அது நூல். எந்த இதழின் காரணிக்கும் அதனால் ஒரு புள்ளிகூட ஏறாது.

மூன்றாவது மறுப்பில் நியாயம் அதிகம். எண்ணாவிட்டால் என்ன நடக்கும்? யாருக்கு வேண்டியவர் ஆசிரியர், யார் யாருடைய மாணவர் என்பதே தகுதியாகிவிடும். இந்திய இதழ்களில் ஒரே மாதிரியான கட்டுரைகள், செடியின் பெயரை மட்டும் மாற்றி எழுதியவை, நிறைய வந்திருக்கின்றன. கட்டுரை மதிப்பாய்வு தளர்ந்த காலங்களும் உண்டு. எண்ணாவது வெளிப்படையானது என்பார்கள். ஆனால் 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் புள்ளி முறை கொண்டுவந்து, தாக்கக் காரணி உள்ள இதழ்களுக்குக் கூடுதல் புள்ளி வைத்தபோது வெளிப்படைத்தன்மை வரவில்லை, சந்தைதான் வந்தது. காசு வாங்கிக்கொண்டு வாரத்தில் அச்சிடும் போலி இதழ்கள் பெருகின. அவை போலியான ‘தாக்கக் காரணி’களையும் அட்டையில் போட்டுக்கொண்டன. எண்ணை இலக்காக வைத்தால் எண்ணைத்தான் உற்பத்தி செய்வார்கள். வேண்டியவர் வேண்டாதவர் சிக்கலைத் தீர்ப்பது நேர்மையான மதிப்பீட்டாளர் முறை. அதை உழைத்து உருவாக்க வேண்டும், கணக்குப் பொறியிடம் ஒப்படைக்க முடியாது.

ஆய்வுப்போக்கில் இதன் விளைவு தெளிவாகத் தெரிகிறது. 2000-இல் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் மரபணுத்தொகுதி முழுமையாகப் படிக்கப்பட்ட பின், உலகின் தாவர அறிவியல் மூலக்கூறு பக்கம் சாய்ந்தது. அதில் குற்றம் ஏதுமில்லை, அங்கே உண்மையான அறிவு பெருகியது. ஆனால் ஒரு செடியில் ஆயிரம் பேர் வேலை செய்யும் துறையில் மேற்கோள் தானாகவே குவியும். ஒரு மலைத்தொடரின் புற்களை இருவர் மட்டும் அறிந்திருக்கும் துறையில் ஒருவரின் கட்டுரை எவ்வளவு சிறந்ததாயினும் மற்றவர்தான் அதைச் சுட்ட முடியும். இரண்டையும் ஒரே எண்ணால் ஒப்பிட்டு, இளம் ஆய்வாளரிடம் எதைத் தேர்ந்தெடுப்பாய் என்று கேட்டால் விடை தெரிந்ததுதானே. 2020-இல் விலங்கு வகைப்பாட்டின் பெரிய இதழான ‘ஸூடாக்ஸா’வை, தன் கட்டுரைகளையே அதிகம் சுட்டுகிறது என்று காரணி தரும் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். புதிய இனங்களை விவரிப்பவர் முன்பு அதே இதழில் விவரிக்கப்பட்ட உறவினங்களைச் சுட்டாமல் எப்படி எழுதுவார் என்று உலகெங்கும் வகைப்பாட்டாளர்கள் எதிர்த்த பிறகே முடிவைத் திரும்பப் பெற்றார்கள். தாவரவியலுக்கும் இதே ஆபத்து உண்டு.

ஆகவே கோரிக்கை கணக்கை ஒழிப்பதல்ல. 2013-இல் வெளியான சான்பிரான்சிஸ்கோ அறிக்கை, தனி ஆய்வாளரை எடைபோட இதழின் காரணியைப் பயன்படுத்தக்கூடாது என்றது. இந்திய நிறுவனங்கள் அதைத் தேர்வுக் குழுவின் மேசைவரை கொண்டுபோக வேண்டும். செடிப் பெயரோடு வரும் முதல் விவரிப்பின் சுட்டைத் துணைநூல் பட்டியலிலும் சேர்க்க வேண்டும் என்று வகைப்பாட்டாளர்கள் கேட்டுவருகிறார்கள். நம் இதழ்களின் ஆசிரியர்கள் இதை நாளையே விதியாக்கலாம், யாருடைய அனுமதியும் தேவையில்லை. அத்துடன் 1919 முதலான பழைய தொகுதிகள் முழுவதையும் கட்டுரை வாரியாகத் தேடிப் படிக்கும்படி இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். படிக்கக் கிடைக்காத பக்கத்தை யாரும் சுட்ட முடியாது. பாலைவனச் செடியின் இலைத்துளையை 1920-இல் ஒருவர் வெட்டிப் பார்த்து எழுதியது, வறட்சியைப் பற்றி இன்று எழுதுகிறவருக்கு வேண்டிய செய்தி.