ஒரே செம்புக்கு இரு பெயர்கள்: கொல்கத்தாக் கால்பந்தாட்ட முழக்கங்களின் வேர்கள்

கால்பந்தாட்ட அரங்குகளில் எழும் முழக்கங்களைப் பகைமையின் வெளிப்பாடு என்று கொள்வதே பொது வழக்கம். காவல்துறை அவற்றை ஒழுங்குச் சிக்கலாகப் பார்க்கிறது. செய்தித்தாள் கலவரத்தின் முன்னுரையாகப் பார்க்கிறது. ஆய்வுலகம் நெடுங்காலம் அவற்றைப் பார்க்கவே இல்லை. ஆனால் இந்தியாவின் மிகப் பழைய, மிகப் பெரிய ஆதரவாளர் போட்டியான மோகன் பாகான் – ஈஸ்ட் பெங்கால் போட்டியின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. அங்கே முழக்கம் அந்நியனை நோக்கி எழுந்ததன்று. அண்டை வீட்டாரை நோக்கி எழுந்தது. இழந்த மண்ணையும் இருக்கும் நகரத்தில் தமக்குரிய பங்கையும் ஒரே மூச்சில் கேட்ட குரல் அது.

ஒரே நகரத்தார் இரு நிறங்களாகப் பிரிந்து முழங்குவது கால்பந்தாட்டத்தோடு பிறந்த வழக்கம் அன்று. ஆறாம் நூற்றாண்டுக் கான்ஸ்டான்டிநோபிளில் தேர்ப்பந்தய ஆதரவாளர்கள் நீலர், பச்சையர் எனப் பிரிந்திருந்தனர். பந்தய அரங்கில் அவர்கள் தாளத்தோடு எழுப்பிய குரல்கள் தேரோட்டிகளை வாழ்த்தியதோடு நிற்கவில்லை. பேரரசரும் மக்களும் நேருக்கு நேர் காணும் இடம் அந்த அரங்கு ஒன்றே என்பதால், வரி, நீதி, உணவு ஆகியவை குறித்த முறையீடுகளும் அதே தாளத்தில் எழுந்தன. தமிழ் மரபிலும் இதற்கு இணைகள் உண்டு. வெட்சிக்குக் கரந்தை, உழிஞைக்கு நொச்சி என எதிரெதிர்த் தரப்பினரைச் சூடும் பூவால் பிரித்தறிந்தது புறத்திணை மரபு. பிற்காலத்தில் சித்தூர், திருப்பதிப் பகுதிகளையும் உள்ளடக்கிய பழைய தொண்டை மண்டலத்தில் வலங்கை, இடங்கை எனச் சாதிக் கூட்டங்கள் இரண்டாகப் பிரிந்து, கொடிக்கும் ஊர்வலத் தெருவுக்கும் மோதிக்கொண்டன. சென்னைப்பட்டணத்தில் 1652இலும் 1707இலும் மூண்ட பூசல்களை அடக்க, எந்தத் தெரு எந்தக் கூட்டத்தாருக்கு உரியது என்று கிழக்கிந்தியக் கம்பெனி வரையறுத்துத் தர வேண்டியிருந்தது.

இவ்விணைகளை மிகைப்படுத்தக் கூடாது. வலங்கை–இடங்கைப் பிரிவு பிறப்பால் அமைந்தது; விளையாட்டு ஆதரவு அப்படியன்று. எனினும் இவற்றுக்கு ஒரு பொதுப் பண்பு உண்டு. பூசலிடுவோர் ஒரே நகரத்தில், ஒரே சந்தையில், ஒரே தெருவில் வாழ்பவர்கள். நிறமும் கொடியும் முழக்கமும் தேவைப்பட்டது அதனால்தான். தோற்றத்தால் எளிதில் பிரித்தறிய முடியாதவர்களுக்கே அடையாளச் சின்னம் இன்றியமையாததாகிறது.

கால்பந்தாட்ட முழக்கத்தின் இன்றைய வடிவம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்துத் தொழில் நகரங்களில் உருவானது. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் 2 மணியோடு நிறுத்தியது. அவ்வோய்வு நாளடைவில் பிற தொழிலாளருக்கும் பரவியது. பல்லாயிரவர் ஒரே நேரத்தில் ஓய்வு பெற்று, ஒரே மைதானத்தில் தோளோடு தோள் உரசி நின்றனர். தேவாலயத்தில் கற்ற துதிப்பாடலின் மெட்டும் மலிவுக் கட்டண அரங்குகளில் கேட்ட கேளிக்கைப் பாடலின் மெட்டும் அவர்களுக்கு மனப்பாடமாயிருந்தன. சொற்களை மாற்றுவது மட்டுமே எஞ்சியது. தென்னாப்பிரிக்காவில் 1900இல் ஸ்பியான் காப் குன்றில் நிகழ்ந்த போரின் நினைவாக லிவர்பூல் ஆதரவாளர் நின்ற சரிவு மேடை 1906 முதல் 'காப்' என்று அழைக்கப்பட்டது. இன்று அம்மேடையின் அடையாளமாகிவிட்ட பாடல் 1945ஆம் ஆண்டின் அமெரிக்க இசைநாடகம் ஒன்றுக்காக எழுதப்பட்டது. 1963இல் லிவர்பூல் இசைக்குழு ஒன்று அதைப் பாடிப் பரப்பியது. ஆக, முழக்கம் என்பது பெரும்பாலும் இரவல் மெட்டில் ஏற்றப்பட்ட சொந்தக் கதை.

அச்சொந்தக் கதை பெரும்பாலும் குடிபெயர்ந்தோரின் கதையாகவும் இருந்தது. கிளாஸ்கோ நகரில் 1872இல் தோன்றிய ரேஞ்சர்ஸ் அணிக்கு எதிர்த்தரப்பாக வளர்ந்த செல்டிக் கழகம், பஞ்சத்தால் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைக் கத்தோலிக்கரின் பசி தீர்க்க நிதி திரட்டும் நோக்கில் 1887இல் நிறுவப்பட்டது. கொல்கத்தாவைப் புரிந்துகொள்ள இவ்வொப்புமை மிகவும் உதவும்.

கொல்கத்தாவுக்குப் பந்து இராணுவத்தோடும் வணிகரோடும் வந்தது. 1889 ஆகஸ்ட் 15 அன்று வடகொல்கத்தாவின் உயர்குடியினர் மோகன் பாகான் கழகத்தைத் தொடங்கினர். 1911 ஜூலை 29 அன்று அக்கழகம் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2–1 என வென்றது. ஷிப்தாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் கோல் அடித்தனர். பதினொருவரில் ஒருவரைத் தவிர மற்றவர் வெறுங்காலோடு ஆடினர். மைதானத்தின் தொலைவில் நின்ற மக்களுக்குக் கோல் எண்ணிக்கையைப் பட்டம் பறக்கவிட்டு அறிவித்தனர். அந்த அணியில் பலர் கிழக்கு வங்க வேர் கொண்டவர்கள் என்பது பின்னாளில் எளிதாக மறக்கப்பட்டது. 1911இல் எதிர்த்தரப்பு ஆங்கிலேயர். வங்காளியரின் குரல் ஒன்றாகவே இருந்தது.

அக்குரல் பிரியக் காரணமானது ஓர் அணித்தேர்வு. 1920 ஜூலை 28 அன்று மோகன் பாகானை எதிர்த்து ஆடிய ஜோராபாகான் கழகம், ஷைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை அணியிலிருந்து நீக்கியது. அவர் கிழக்கு வங்கத்தவர் என்பதாலேயே நீக்கப்பட்டார் என்று கருதிய கழகத் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி வெளியேறி, ஒத்த கருத்தினரோடு சேர்ந்து ஆகஸ்ட் 1 அன்று ஈஸ்ட் பெங்கால் கழகத்தை நிறுவினார். 1925 மே 28 அன்று கொல்கத்தா லீக்கில் இரு கழகங்களும் முதன்முறையாக மோதின. நேபாள் சக்ரவர்த்தி அடித்த ஒரே கோலால் ஈஸ்ட் பெங்கால் வென்றது.

இக்காலத்தில் போட்டி இருமுனை மட்டும் கொண்டதன்று. 1891இல் உருவான முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக்கை வென்று, வங்க முஸ்லிம்களின் பெருமிதத்துக்குக் களம் அமைத்தது. நகரத்தின் வகுப்பு, சமயம், வட்டாரம் ஆகிய பிளவுகள் எல்லாம் மைதானத்தில் ஒவ்வொரு சட்டை நிறத்தைத் தேடிக்கொண்ட காலம் அது.

மேற்கு வங்கத்தார் 'கோட்டி' என்றும், கிழக்கு வங்கத்தார் 'பாங்கால்' என்றும் அழைக்கப்பட்டனர். உச்சரிப்பும் சமையலும் திருமண வழக்கமும் இவர்களிடையே வேறுபட்டன. 1947 வரை இவ்வேறுபாடு பெரிதும் ஏளனப் பேச்சின் எல்லைக்குள் இருந்தது. பிரிவினை அதை வாழ்வுச் சிக்கலாக்கியது. வீடும் நிலமும் இழந்து இலட்சக்கணக்கானோர் சியால்தா நிலையத்தில் வந்திறங்கினர். விஜய்கர், ஆசாத்கர் போன்ற ஏதிலியர் குடியிருப்புகள் நகரத்தின் தென்புறத்தில் எழுந்தன. ஏதிலியருக்குப் புதிய நகரத்தில் முகவரி இல்லை. பழைய ஊருக்குத் திரும்பிச் செல்ல வழியும் இல்லை. ஆனால் தம் ஊரின் பெயரைச் சுமந்த கழகம் ஒன்று இருந்தது. நிலப்படத்திலிருந்து 'கிழக்கு வங்கம்' மறைந்து 'கிழக்குப் பாகிஸ்தான்' ஆன பின்பும், வாரந்தோறும் பல்லாயிரவர் அப்பெயரை உரக்கச் சொல்ல இடமளித்தது மைதானம். 'ஜொய் ஈஸ்ட் பெங்கால்' என்ற இரண்டு மூன்று சொற்களின் முழு எடையும் இங்கேதான் இருக்கிறது.

இவ்வடையாளம் இரத்த உறவால் மூடப்பட்டதன்று என்பதற்கு அக்கழகத்தின் பொற்காலமே சான்று. 1949 முதல் 1951 வரை தொடர்ந்து மூன்று முறை ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்ற ஈஸ்ட் பெங்காலின் முன்கள ஐவர் 'பஞ்சபாண்டவர்' எனப் போற்றப்பட்டனர்: வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரில் ஒருவரும் வங்காளியர் அல்லர். ஆந்திரம், மைசூர், திருவிதாங்கூர் எனத் தென்னாட்டிலிருந்து வந்தவர்கள். மண்ணிழந்த வங்க ஏதிலியர் தம் மானத்தைத் தெலுங்கரிடமும் கன்னட நாட்டாரிடமும் மலையாள நாட்டாரிடமும் ஒப்படைத்து அவர்களின் பெயர்களை முழங்கினர். அடுத்த தலைமுறையில், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ், முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பாகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று கழகங்களுக்கும் ஆடினார். ஆட்டக்காரர் கழகம் மாறலாம், ஆதரவாளர் மாறுவதில்லை. ஆகவே முழக்கத்தின் உண்மையான உரிமையாளர் களத்தில் இருப்பவரல்லர், மாடத்தில் இருப்பவர்.

வசைச்சொற்களின் வரலாறும் இதையே உறுதிப்படுத்துகிறது. 'கோட்டி' என்ற வங்கச் சொல்லுக்கு நீர்ச்செம்பு என்பது பொருள். ஏதிலியரை இழிக்க மோகன் பாகான் தரப்பினர் கையாளும் சொல் 'லோட்டா'. அதற்கும் செம்பு என்பதே பொருள். ஒருவரையொருவர் இகழ இரு தரப்பும் ஒரே பாத்திரத்தின் இரு பெயர்களைத் தேர்ந்திருக்கின்றன. ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீனும், மோகன் பாகான் வென்றால் இறாலும் விலையேறும் என்பது கொல்கத்தாவின் பழகிய பேச்சு. இரண்டும் ஒரே சந்தையில், அடுத்தடுத்த கூடைகளில் விற்கப்படுகின்றன. நுட்பமான வசை அணுக்கத்திலிருந்தே பிறக்கும். அறியாதவரை இவ்வளவு துல்லியமாகக் கேலி செய்ய இயலாது.

எனினும் இதை இனிய குடும்பச் சண்டையாக மட்டும் சித்திரித்தால் வரலாற்றுக்கு நேர்மை செய்ததாகாது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் தோட்ட அரங்கில் நிகழ்ந்த லீக் ஆட்டத்தின்போது களத்தில் தொடங்கிய முரட்டாட்டம் மாடத்துக்குப் பரவியது. இரு தரப்பினரும் உரிய பிரிப்பின்றி அமர்ந்திருந்த பகுதியில் மூண்ட மோதலிலும் நெரிசலிலும் 16 பேர் உயிரிழந்தனர். ஆட்டம் காணச் சென்றவர்கள் வீடு திரும்பவில்லை. அந்நாள் இன்றுவரை 'கால்பந்து ஆர்வலர் நாள்' என நினைவுகூரப்பட்டு, இரத்த தான முகாம்கள் நடத்தப்படுகின்றன. அம்முகாமில் அளிக்கப்படும் குருதியில் தரப்பு எழுதப்படுவதில்லை.

அதன்பின் போட்டி தணியவில்லை. 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் அரங்கில் நிகழ்ந்த கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதியைக் கண்டவர்கள் 1,31,781 பேர். பாய்ச்சுங் பூட்டியாவின் மூன்று கோல்களோடு ஈஸ்ட் பெங்கால் 4–1 என வென்றது. 2019 இறுதியில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியபோது, முழக்கத்தின் ஆழத்திலிருந்த பழைய கேள்வி மீண்டும் மேலெழுந்தது. 2020 ஜனவரி 19 அன்று ஈஸ்ட் பெங்கால் ஆதரவாளர் விரித்த பெரும் பதாகை, இம்மண் தாளைக் காட்டிப் பெற்றதன்று, குருதி சிந்திப் பெற்றது என்ற பொருள்பட அமைந்திருந்தது. ஏதிலியரின் பேரப்பிள்ளைகள் ஆட்ட அரங்கில் நின்று அரசிடம் பேசினர்.

2024 ஆகஸ்டில் வரலாறு எதிர்பாராத திருப்பத்தைக் கண்டது. ஆகஸ்ட் 9 அன்று ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர் ஒருவர் வன்கொடுமைக்கு உள்ளாகிக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 18 அன்று நடைபெறவிருந்த டியூராண்ட் கோப்பை ஆட்டம், பாதுகாப்புக் காரணங்காட்டி நீக்கப்பட்டது. அரங்கில் நீதி கேட்டு முழக்கம் எழும் என்ற அச்சமே காரணம் என்று ஆதரவாளர் கருதினர். ஆட்டம் இல்லாத அம்மாலையில் பச்சை–அரக்குச் சட்டையினரும் சிவப்பு–பொன் சட்டையினரும் சால்ட் லேக் அரங்கின் வெளியே கூடினர். முகமதன் ஸ்போர்ட்டிங் ஆதரவாளரும் இணைந்தனர். ஒரு தரப்பினரைத் தோளில் தூக்கி மறுதரப்பினர் நடந்தனர். கோட்டியும் பாங்காலும் ஒரே குரலில் நீதி கேட்டனர். காவல்துறை தடியடி நடத்தியது.

இதற்கு முன்னோடி 1,500 ஆண்டுகளுக்கு முன்பே உண்டு. கி.பி. 532இல் கான்ஸ்டான்டிநோபிளில் தூக்குமேடை முறிந்து நீலர் ஒருவரும் பச்சையர் ஒருவரும் உயிர் தப்பினர். இருவரையும் மன்னிக்குமாறு இரு தரப்பும் வேண்டின. பேரரசர் ஜஸ்டினியன் செவிசாய்க்கவில்லை. பந்தய நாளில் தம் தரப்புப் பெயர்களைக் கைவிட்டு 'நீக்கா' – வெல்க – என்ற ஒரே சொல்லை அரங்கம் முழங்கியது. அக்கிளர்ச்சி ஏறத்தாழ 30,000 பேரின் உயிரிழப்போடு அடக்கப்பட்டதாகப் புரோகோப்பியஸ் எழுதுகிறார். எதிரெதிராக முழங்கப் பழகிய கூட்டங்களுக்குச் சேர்ந்து முழங்கத் தனிப்பயிற்சி தேவைப்படுவதில்லை. தாளமும் திரளும் ஆற்றலும் முன்பே கைவந்தவை. எதிரியை மாற்றிக்கொள்வது மட்டுமே தேவை. ஆள்வோர் அரங்கத்து அமைதியைக் காட்டிலும் அரங்கத்து ஒற்றுமைக்கே அதிகம் அஞ்சியிருக்கிறார்கள்.

இவ்வொற்றுமை பகையை முடித்துவிட்டதா என்றால், இல்லை. இரண்டு மாதங்கள் கழித்து, 2024 அக்டோபர் 19 அன்று அதே சால்ட் லேக் அரங்கில் இரு கழகங்களும் மோதின. மோகன் பாகான் 2–0 என வென்றது. ஆதரவாளர் தத்தம் மாடங்களுக்குத் திரும்பி, பழைய வசைகளைப் பழைய உற்சாகத்தோடு எழுப்பினர்.