தொலைநிலை வழங்கி நிர்வாகம்: தொடக்கநிலைப் பிழைகள்

தொலைநிலை வழங்கி நிர்வாகம் என்பது, வேறோர் இடத்தில் இயங்கும் கணினியை வலையமைப்பு வழியே கட்டளைகள் அனுப்பிப் பராமரிப்பதாகும். கடவுச்சொல்லைக்கூட மறையாக்கமின்றி அனுப்பிய டெல்நெட் போன்ற முறைகளுக்கு மாற்றாக, பின்லாந்தின் டாட்டு இலோனென் 1995இல் உருவாக்கிய எஸ்எஸ்எச் நெறிமுறையே இன்று லினக்ஸ் வழங்கிகளில் பெரிதும் பயன்படுகிறது.

புதியவர்களின் முதன்மையான பிழை, தமக்குரிய நுழைவழியைத் தாமே அடைத்துக்கொள்வதாகும். எஸ்எஸ்எச் இயல்பாகப் பயன்படுத்தும் 22ஆம் போர்ட்டுக்கு அனுமதி தராமல், இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலை இயக்கினாலோ, அமைவுக் கோப்பின் பிழையைக் கவனிக்காமல் சேவையை மறுதொடக்கம் செய்தாலோ, மீண்டும் உள்நுழைய இயலாமல் போகும். ஆகவே கோப்பை முன்கூட்டியே சோதித்து, நடப்பு இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, இரண்டாவது இணைப்பு கிடைப்பதை உறுதிசெய்வது இன்றியமையாதது.

முழு அதிகாரமுடைய ரூட் கணக்கில் கடவுச்சொல்லால் நுழைய அனுமதிப்பது, கடவுச்சொற்களை ஓயாமல் ஊகித்துப் பார்க்கும் தானியங்கி நிரல்களுக்கு இடமளிப்பதால், பொதுத்திறவியும் தனித்திறவியும் இணைந்த அடையாளச் சரிபார்ப்பே பாதுகாப்பானது. இணைப்பு அறுந்தாலும் அமர்வைக் காக்கும் டிமக்ஸ் போன்ற மென்பொருளின்றி நீண்ட பணிகளைத் தொடங்குவதும், காப்பு நகலை அதே வழங்கியில் மட்டும் வைப்பதும் பிற பிழைகளாகும். மீட்டெடுத்துச் சோதிக்கப்படாத நகலை நம்பத்தக்க காப்பாகக் கருத இயலாது.