பனிச்சறுக்கு வீரரால் தூண்டப்படும் பனிச்சரிவு

கண்காணிப்பில்லாத மலைச்சரிவில் சறுக்குபவரின் எடை தாங்காமல் பனிப்படலம் உடைந்து கீழிறங்குவது இவ்வகைப் பனிச்சரிவு ஆகும். பனிச்சறுக்கிலும் மலையேற்றத்திலும் பனிச்சரிவுக்குப் பலியாவோரில் சுமார் 90 விழுக்காட்டினர், தாங்களோ தங்கள் குழுவினரோ தூண்டிய சரிவில் சிக்கியவர்களே.

உருவாகும் விதம்

உதிரிச் சரிவு ஒரு புள்ளியில் தொடங்கி விரியும். கடற்கரையில் குவித்த உலர்மணல், சாய்வு ஏறத்தாழ 34 பாகையைத் தாண்டினால் வழிந்துவிடுவதைப் போன்றது அது. பாளச் சரிவு அதைவிட ஆபத்தானது. காற்று அள்ளிக் குவித்த பனி இறுகிப் பாளமாகி, ஒன்றோடொன்று ஒட்டாத பனிப்படிகங்களின் அடுக்கொன்றின்மேல் தங்கியிருக்கும். வீரரின் எடை பட்டதும் அந்த அடுக்கு நொறுங்கும். 'வும்' என்ற அமுங்கிய ஓசை கேட்கும்; சறுக்குப்பலகையின் நுனியிலிருந்து விரிசல் ஓடும். பாளம் பெரும்பாலும் அவருக்கு மேற்புறத்தில் பிளப்பதால், ஒதுங்க நேரமிராது. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளிலேயே இது மிகுதி.

அளவு

ஐரோப்பிய வகைப்பாட்டில் பனிச்சரிவுகள் 1 முதல் 5 வரை அளவிடப்படுகின்றன. முதல் அளவிலான சிறு சரிவு ஆளைப் புதைப்பது அரிது. ஆயினும் பாறை விளிம்பிலிருந்து ஒருவரைத் தள்ளிவிடவோ, குறுகிய பள்ளத்தில் குவிந்து அவரை மூடவோ அதுவே போதும்.

குல்மார்க்

இந்தியாவில் பனிச்சறுக்கின் முதன்மைத் தலம் காஷ்மீரின் பாரமுல்லா மாவட்டத்திலுள்ள குல்மார்க். அங்குள்ள கம்பிவட ஊர்தி அபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரம் வரை செல்கிறது. அங்கிருந்து கண்காணிப்பு எல்லைக்கு அப்பாலுள்ள சரிவுகளுக்கு எளிதில் போய்விடலாம். 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத்தில் நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தனர். வெளிநாட்டவர் 19 பேர் மீட்கப்பட்டனர். 2024 பிப்ரவரி 22 அன்று கிலன்மார்க் பகுதியில் நேர்ந்த பனிச்சரிவில் ரஷ்ய வீரர் ஒருவர் உயிரிழந்தார். இமயப் பகுதிக்கான பனிச்சரிவு எச்சரிக்கைகளைச் சண்டிகரிலுள்ள பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனம் வெளியிடுகிறது.

தற்காப்பும் மீட்பும்

சறுக்குவோர் 457 கிலோஹெர்ட்சில் இயங்கும் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றையும் உடன் வைத்திருக்க வேண்டும். ஐயத்திற்குரிய சரிவை ஒரு நேரத்தில் ஒருவராகவே கடப்பார்கள். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கவனிப்பார்கள். புதையுண்டவரை முதல் 10 நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 90 விழுக்காடு. அரைமணி நேரத்திற்குள் அது மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். இறப்புக்கு மூச்சுத்திணறலே முதன்மைக் காரணம். வெளியிலிருந்து மீட்புக் குழு வந்துசேர அதற்கு மேலும் நேரமாகும் என்பதால், புதையுண்டவரைக் காப்பாற்றும் வாய்ப்பு பெரும்பாலும் உடன் சென்றவர்களுக்கே உண்டு.