அகமுழவும் புறமுழவும்: எபிரேயர் பறையும் புதுக்கோட்டைக் கஞ்சிராவும்

புதுக்கோட்டைக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குடுமியான்மலையில், சிகாநாதர் கோயிலைச் சார்ந்த குடைவரையின் அருகே, பாறையிற் பொறித்த இசைக் கல்வெட்டு ஒன்று உளது. கி.பி. 7 அல்லது 8-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அக் கல்வெட்டு, 7 பண்களுக்குரிய சுரக் கோவைகளைக் கிரந்த எழுத்தில் தருகின்றது. அவ்விடத்தும் திருமயத்தும் ‘பரிவாதினி’ என்னும் நரம்புக் கருவியின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. இசை வரலாற்றை ஆராய்வார் அனைவரும் இக் கல்வெட்டைப் போற்றுவர், அது தகும். ஆயின் முழவுக்குரிய சொற்கட்டு எதுவும் அதன்கண் இடம்பெறவில்லை. நரம்புக்குக் கல்லில் எழுத்து வாய்த்த இந் நிலப்பகுதியிலேயே, பன்னூறாண்டு கழித்து, ஒருமுகத் தோற்கருவி ஒன்று தனக்கென இலக்கணம் பெற்றது. அதுவே கஞ்சிரா. அது நின்ற இடத்தை விளங்கிக்கொள்ளுதற்குத் தொல்பழம் எபிரேயர் வழிபாட்டிற் பறை நின்ற இடம் பெரிதும் துணைசெய்கின்றது. அதனை ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கம்.

சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், பேரிகை, படகம், இடக்கை முதலாகத் தோற்கருவிகளின் நீண்ட பட்டியலொன்றைத் தருகின்றார். அதனோடு அமையாது, அவற்றை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு, பண்ணமைமுழவு, நாண்முழவு, காலைமுழவு என ஏழாகப் பாகுபடுத்துகின்றார். மத்தளம், சல்லிகை, இடக்கை, கரடிகை, பேரிகை, படகம், குடமுழா என்பன உத்தமமான அகமுழவு. தண்ணுமை, தக்கை, தகுணிச்சம் முதலியன மத்திமமான அகப்புறமுழவு. கணப்பறை முதலியன அதமமான புறமுழவு. நெய்தற்பறை முதலியன அதற்கும் அப்பாற்பட்ட புறப்புறமுழவு. நெய்தற்பறையாவது சாப்பறை என்பதைக் கற்றோர் அறிவர். இப் பாகுபாடு கூத்தரங்கைக் கருதியது, கோயிலைக் கருதியதன்று. எனினும் கோயில் வழக்கம் இதனோடு பெரிதும் ஒத்துச் செல்கின்றது. பறை என்னும் பெயர் பெற்றவை புறத்தே நிற்கின்றன. இருமுகமும் மார்ச்சனையும் உடைய மத்தளம் அகத்தே நிற்கின்றது. ஓசையின் நயத்தை மட்டும் நோக்கி எழுந்த வரிசை இதுவென்று கூறுதல் அரிது. அடிக்கும் கை எவருடையது என்னும் வினாவும் இதனுள் மறைந்து கிடக்கின்றது.

இனி எபிரேயரை நோக்குவோம். அவர்தம் மறைநூலிற் பேசப்படும் தோற்கருவி பெரும்பாலும் ஒன்றே. அதன் பெயர் ‘தோஃப்’. வட்டமான சட்டத்தில் தோல் போர்த்து, ஒரு கையிற் பிடித்து மறுகையால் தட்டும் பறை அது. பாலத்தீனத்திலும் பினீசியக் கடற்கரையிலும் அகழ்ந்தெடுத்த சுடுமண் பாவைகளுட் பல, இத்தகைய வட்டப்பறையை ஏந்திய பெண்களின் வடிவங்களே. அப் பறைகளின் விளிம்பில் உலோகச் சில்லுகள் காணப்படவில்லை. கடலைக் கடந்த மக்கள் மகிழ்ந்தபோது அதனை ஏந்தியவள் மிரியாம். யெப்தாவை வரவேற்க அதனோடு வந்தவள் அவன் மகள். சவுலையும் தாவீதையும் எதிர்கொண்டு ஆடினோரும் பெண்டிரே. மேடைக் கோயிலினின்று இறங்கிவரும் தீர்க்கர் கூட்டத்தின் முன்னும் அப் பறை சென்றதாதலின், அது பெண்டிர்க்கே உரியது என்று அறுதியிடலாகாது. ஆயினும் பெண்டிர் கையிலேயே அது மிகுதியும் காணப்படுகின்றது என்பதில் ஐயமில்லை.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. தாவீது உடன்படிக்கைப் பேழையை முதன்முறை கொணர முயன்றபோது, வழியில் முழங்கிய கருவிகளுள் தோஃபும் இருந்தது, கைத்தாளமும் இருந்தது, குலுக்கி ஒலிக்கும் கிலுகிலுப்பை போன்றதொரு கருவியையும் சாமுவேல் ஆகமம் குறிக்கின்றது. பின்னர் லேவியர் குலத்துப் பாடகர் முறைப்படி அமர்த்தப்பட்டபோது நாளாகம நூல் தரும் பட்டியல் வேறு. ஆசாப், ஏமான், ஏத்தான் ஆகியோர்க்கு வெண்கலக் கைத்தாளங்கள், ஏனையோர்க்கு நரம்புக் கருவிகள், குருக்கள்மார்க்கு எக்காளங்கள். தோஃப் அங்கு இல்லை. இரண்டாம் ஆலயத்தின் இசைக்கருவிகளை எண்ணிக் கூறும் மிஷ்னா நூலும் கைத்தாளம் ஒன்றைச் சுட்டுகின்றதேயன்றித் தோஃபைச் சுட்டவில்லை. வழியில் முழங்கிய தோல், வாயிலைக் கடக்கவில்லை, உலோகமே கடந்தது. சங்கீதப் பாடல்கள் சில தோஃபால் இறைவனைத் துதிக்குமாறு பணிப்பது உண்மையே. அது மக்கள் திரளின் துதி என்றும், பட்டியல் பணியாளரின் முறை என்றும் கொண்டால் முரண் இல்லை. வாயிலுக்குள் முறைப்பணி செய்தோர் ஆடவராகிய லேவியர் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணல் வேண்டும்.

தமிழ்நாட்டில் நிலைமை முற்றும் இவ்வாறு இல்லை. இங்குத் தோல் கருவறையின் அணிமை வரை சென்றது. தடை தோலுக்கன்று, வட்டச் சட்டப் பறைக்கே எனல் வேண்டும். மாரியம்மன் கோயில்களில் நெற்றியிற் கட்டி முழக்கும் சூரியப்பிறை, சந்திரப்பிறை என்பன இதற்கு விலக்கு. அடியார்க்குநல்லார் கூறும் ‘சந்திரவளையம்’ இவற்றின் முன்னோடியோ எனின், பெயரொற்றுமை ஒன்றைக்கொண்டு துணிதல் பொருந்தாது. விலக்கை விடுத்துப் பார்த்தால், தப்பு எனப்படும் பறை ஊரம்மன் விழாவிலும் சாவிலும் முழங்கியதே பெருவழக்கு. அதனை முழக்கியோரும் நெடுங்காலம் மதிலின் புறத்தே நிறுத்தப்பட்டனர். ‘தப்பு’ என்னும் பெயரை அரபியர் ‘தஃப்’, எபிரேயர் ‘தோஃப்’ என்பவற்றோடு இணைத்து இனங்காண விழைவார் உளர். எபிரேயச் சொல் அடித்தலைக் குறிக்கும் வேரினின்று பிறந்தது. துணியைத் தப்புதல் என நம் வழக்கிலும் தப்பு அடித்தலே. ஒலிக்குறிப்பால் இருமொழியும் தனித்தனியே அடைந்த ஒற்றுமையாக இதனைக் கொள்வதே தக்கது.

கஞ்சிரா இவ்வினத்தைச் சேர்ந்ததே. வடநாட்டுக் கஞ்சரியோடு உறவுடையது. நாமசங்கீர்த்தனக் குழுக்களில் வழங்கியது. பின்னாளிற் கோபாலகிருஷ்ண பாகவதர் போன்றோரால் பஜனை நெறிக்குப் பெயர்பெற்ற ஊர் புதுக்கோட்டை. பஜனை மடம் கோயிலும் அன்று, தெருவும் அன்று, இரண்டற்கும் இடைப்பட்டது. அவ்விடையிலேயே வட்டப்பறைக்கு இடம் கிடைத்தது. அதனைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தியவர் மான்பூண்டியா பிள்ளை. மாமுண்டியா பிள்ளை என்றும் அவர் பெயர் வழங்கும். அவர் பயின்றது புதுக்கோட்டை மாரியப்பத் தவில்காரரிடம் என்பதே ஈண்டு முதன்மையான செய்தி. தவில் கோயிலின் கருவி. சின்ன மேளம், பெரிய மேளம் என்ற பாகுபாட்டிற் பெரிய மேளத்திற்கு உரியது. அதன் கணக்கும் நடையும் ஒரு சாண் அளவுள்ள வளையத்துள் புகுத்தப்பட்டன. பலாமரச் சட்டம், உடும்புத் தோல், ஒரு பிளவில் இரண்டு மூன்று சில்லுகள், கருவி இவ்வளவே. தோலை நீரால் நனைத்துச் சுருதியைத் தாழ்த்தி, பிடித்த கையின் விரலால் அழுத்தி நாதத்தை வளைப்பர். மத்தளத்தின் இருமுகமும் செய்யும் பணியை ஒருமுகம் செய்யுமாறு இவ்வுத்தி அமைந்தது. அகமுழவின் இலக்கணம் புறமுழவின் உடலிற் புகுந்தது என்று இதனைக் கூறலாம். அவர் மாணவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875-1936) மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் வல்லவர். அம் மரபில் வந்த பழனி முத்தையா பிள்ளையின் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் (1908-1962) அத்தகையரே. 1972-இல் இயற்றப்பெற்ற காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உடும்பு காக்கப்படும் உயிராயிற்று. ஆதலின் வேறு போர்வைகளும் வழக்கிற்கு வந்துள்ளன.

இவ்வுயர்வு தப்பைத் தீண்டவில்லை என்பதை மறைத்தல் ஆகாது. வடிவால் உடன்பிறப்பாகிய இரண்டனுள் ஒன்று மேடையேறியது. மற்றொன்று நின்ற இடத்திலேயே நெடுங்காலம் நின்றது. மேடையேறிய கஞ்சிராவும் கோயிலின் நித்திய பூசைக்குரிய வாத்தியம் ஆகிவிடவில்லை. அவ்வகையில் அதன் நிலை தோஃபின் நிலையே.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் இக் கருவியை எச்சொல்லால் வழங்கினர் என்பதும் நோக்கற்குரியது. 19-ஆம் நூற்றாண்டிற் பவர் தலைமையிற் குழுவினர் திருத்திய விவிலியம் தோஃபைத் ‘தம்புரு’ என்கின்றது. நம் வழக்கில் தம்புரு நரம்புக் கருவி. ஆதலின் வகுப்பில் இப்பகுதியைக் கூறும்போதெல்லாம் மாணவர் மிரியாமின் தோளிற் சார்த்திய தம்பூராவையே மனக்கண்ணிற் காண்கின்றனர். பறையைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்களின் ஒலிச்சாயல் இம் மயக்கத்திற்குக் காரணமாகலாம் என்பது என் கருத்து. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இம் மயக்கத்தை நீக்கியது. அதில் மிரியாமின் கையில் இருப்பது கஞ்சிரா. ஆயின் தூயகத்தில் இறைவனைப் போற்றுமாறு தொடங்கும் 150-ஆம் சங்கீதத்தில் அதே தோஃப் மத்தளம் ஆகின்றது. மூலத்தில் இரண்டிடத்தும் சொல் ஒன்றே. கடற்கரையில் ஆடும் பெண்ணின் கைக்குக் கஞ்சிராவையும், தூயகத்துத் துதிக்கு மத்தளத்தையும் தேர்ந்தோர் அடியார்க்குநல்லாரின் பாகுபாட்டை எண்ணித் தேர்ந்தனர் என்று கூறுவதற்கில்லை. எண்ணாமலே அவ்வாறு அமைந்தது என்பதே கருதத்தக்கது.