கூரைக்குப் பொறுப்பு யார்?

ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கூரையோடு வரிசையாக நிற்கும் கிடங்குகளைக் கட்டடக்கலை வரலாற்றில் யாரும் சேர்ப்பதில்லை. கோயிலும் அரண்மனையும் அங்கே இடம் பிடிக்கும். சரக்குக் கொட்டகைக்கு இடமில்லை. ஆனால் சிறுதொழில் செய்யும் ஒருவர் தன் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொட்டி எழுப்பும் அந்தக் கொட்டகைக்குள் மிகப் பழைய கேள்வியொன்று குடியிருக்கிறது. நாளை கூரை ஒழுகினால், தளம் விரிசல் விட்டால், பதில் சொல்ல வேண்டியவர் யார்? வரைந்தவரா, கட்டியவரா?

பாபிலோனிய அரசன் ஹம்முராபிக்கு இதில் குழப்பமே இருக்கவில்லை. கி.மு. பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவனது சட்டத்தொகுப்பில் 229ஆம் விதி, கட்டிய வீடு இடிந்து அதன் சொந்தக்காரன் இறந்தால் கட்டியவனுக்கு மரணம் என்கிறது. 233ஆம் விதி சற்று மென்மையானது: சுவர் சாய்ந்தால் கட்டியவன் தன் சொந்தச் செலவில் அதைச் சரிசெய்து தர வேண்டும். இவ்விதிகளின் கொடுமையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அவற்றின் அடியில் இருக்கும் அனுமானம் கவனத்துக்குரியது. வரைபவன் வேறு, கட்டுபவன் வேறு என்ற எண்ணமே அங்கில்லை. பொறுப்பு ஒரே மனிதனுடையது.

நெடுங்காலம் உலகம் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று ஒருவனைக் குறிக்கிறது. 'தச்சன்' என்ற அச்சொல் கணக்கு அறிந்த மூளையையும் உளி பிடித்த கையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. 1420இல் ஃபிளாரன்ஸ் பேராலயத்தின் குவிமாட வேலையைத் தொடங்கிய புருனெலெஸ்கி, வடிவத்தை மட்டும் தந்துவிட்டு ஒதுங்கவில்லை. கற்களை மேலேற்றும் பொறிகளையும் அவரே உருவாக்கினார். பல ஆண்டுகள் பணியிடத்திலேயே நின்றார்.

பிரிவு அடுத்த தலைமுறையில் வந்தது. லியோன் பத்திஸ்தா ஆல்பெர்ட்டி கட்டடக்கலை பற்றி எழுதி, 1485இல் அச்சேறிய நூலில், கட்டடக் கலைஞன் தச்சன் அல்லன், அவன் மனத்தில் முழுமையாக உருவாக்குபவன் என்ற கருத்து உறுதிபெற்றது. ரிமினி நகரத்துத் தேவாலய வேலையை அவர் ரோமிலிருந்து கடிதங்கள் வழியாகவே நடத்தினார். தூண்களின் அளவை மாற்றினால் அந்த இசை முழுதும் சுருதி கெட்டுவிடும் என்று 1454இல் அங்கிருந்தவருக்கு எச்சரித்து எழுதினார். அழகான கவலைதான். ஆனால் வரைபவர் ஓர் ஊரிலும் கட்டுபவர் வேறோர் ஊரிலும் இருக்கும் காலம் தொடங்கிவிட்டதையும் அக்கடிதம் காட்டிவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பிரிவு தொழில்முறையாக இறுகியது. உரிமையாளர் கட்டடக் கலைஞரிடம் வரைபடம் பெறுவார். பிறகு அதைக் காட்டி ஒப்பந்தக்காரர்களிடம் விலைப்புள்ளி கேட்பார். இரண்டு தனித்தனி ஒப்பந்தங்கள். நடுவில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் விழுபவர் யார் என்பதை அமெரிக்க வழக்கொன்று துல்லியமாகக் காட்டியது.

புரூக்ளின் கடற்படைத் தளத்தில் உலர் கப்பல்துறை ஒன்றைக் கட்ட 1905இல் ஸ்பியரின் என்ற ஒப்பந்தக்காரர் அரசுடன் 7,57,800 டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். கட்டுமிடத்தின் குறுக்கே ஆறடிச் செங்கல் சாக்கடை ஒன்று ஓடியது. அதை இடம் மாற்ற வேண்டும். அரசு தந்த வரைபடப்படியே அவர் மாற்றினார். சுமார் ஓராண்டுக்குப் பின் பெருமழையும் கடலேற்றமும் ஒன்றுசேர, சாக்கடை உடைந்து பள்ளம் வெள்ளக்காடானது. வரைபடத்தில் காட்டப்படாத ஒரு தடுப்பு இணைச் சாக்கடைக்குள் இருந்ததே காரணம். 1918இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பை நீதிபதி பிராண்டைஸ் எழுதினார். கொடுத்த வரைபடப்படி கட்டியவர், வரைபடத்தின் குறைக்குப் பொறுப்பாளி ஆகமாட்டார். வரைபடத்தைக் கொடுத்த உரிமையாளரே அதற்கு உத்தரவாதி என்பது அதன் சாரம்.

ஒப்பந்தக்காரருக்கு இது நியாயமான தீர்ப்பு. அரசாங்கமும் இழப்பைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த நாற்காலியில் ஒரு சிறுவணிகரை உட்காரவைத்துப் பாருங்கள். "வரைபடத்தில் உள்ளபடிதான் கட்டினேன்" என்பார் கட்டியவர். "நான் வரைந்தது சரி, கட்டியதுதான் தவறு" என்பார் வரைந்தவர். இருவருக்கும் இடையே, ஒழுகும் கூரையின் கீழே, நனையும் சரக்கோடு நிற்பவர் அவர்தான்.

இதற்கு ஒரு விடை, அத்தீர்ப்புக்கு முன்பே, க்ளீவ்லாந்து நகரில் நடைமுறைக்கு வந்திருந்தது. இங்கிலாந்திலிருந்து 1872இல் வந்த தச்சர் சாமுவேல் ஆஸ்டின், 1878இல் சொந்தமாகக் கட்டுமானத் தொழில் தொடங்கினார். மகன் வில்பர்ட் பொறியியல் படித்தவர். இருவர் பெயரிலும் 1904இல் நிறுவனம் பதிவானது. வடிவமைப்பு, பொறியியல், கட்டுமானம் மூன்றையும் ஒரே ஒப்பந்தத்தில் ஏற்பது அவர்கள் கொள்கை. 'ஆஸ்டின் முறை' என்றே அது பெயர்பெற்றது. தரப்படுத்திய தொழிற்சாலைக் கட்டட வகைகளையும் அவர்கள் விற்றார்கள். தந்தையின் உளியும் மகனின் கணக்கும் ஒரே வீட்டில் இருந்ததால், பிரிந்துபோன பெருந்தச்சன் மறுபடி ஒன்றானான் எனலாம்.

கட்டடக் கலைஞர்கள் இதை ஐயத்தோடு பார்த்தார்கள். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் 1909இல் வகுத்த நெறிமுறை, உறுப்பினர் கட்டுமான வணிகத்தில் ஈடுபடுவதைத் தகாததாக அறிவித்தது. 1970களின் இறுதியில்தான் அத்தடை தளர்ந்தது. மத்திய அரசின் கட்டடங்களுக்கு இந்த ஒற்றை ஒப்பந்த முறையை 1996ஆம் ஆண்டுச் சட்டம் முறையாக அனுமதித்தது.

ஆனால் சிறு கிடங்குகளின் உலகம் அந்த அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின், முன்வடிவமைத்த எஃகுச் சட்டங்களை ஆலைகள் பெருமளவில் தயாரித்தபோது, உள்ளூர்க் கட்டுமானக்காரரே முகவராகி, அளவெடுத்து, அடித்தளமிட்டு, சட்டங்களை நிறுத்திக் கூரையும் வேய்ந்து தந்தார். கிடங்கு இதற்கு இயல்பாகவே பொருந்துவது. தூண்களின் இடைவெளி, கூரையின் உயரம், லாரியின் தளத்தோடு சமமாக நிற்கும் சரக்கு மேடை, பாரம் தாங்கும் தளம் என அதன் தேவைகள் எண்ணிச் சொல்லக்கூடியவை. வரைபடம் முழுதும் முடியும்வரை காத்திராமல் அடித்தளத்தைத் தொடங்கலாம். கடனுக்கு வட்டி கட்டுபவருக்கு மாதங்கள் என்பவை பணம்.

எனினும், இழந்தது என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய முறையில் கட்டடக் கலைஞர் உரிமையாளரின் கண்ணாகவும் இருந்தார். வரைபவரும் கட்டுபவரும் ஒன்றானபின் அந்தக் கண் எங்கே? மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்ட ஒருவர், தளத்தின் கனத்தை ஓர் அங்குலம் குறைத்தால் சிமெண்டு காய்ந்தபின் யாருக்குத் தெரியும்? ஆகவேதான் தேர்ந்த உரிமையாளர்கள் தனியாக ஒரு பொறியாளரை மேற்பார்வைக்கு வைத்துக்கொள்கிறார்கள். சிறியவரோ அந்தச் செலவைத்தான் முதலில் வெட்டுகிறார். பின்னர் அவரிடம் எஞ்சுவது ஒப்பந்தத்தாள் மட்டுமே. தளம் எத்தனை டன் தாங்க வேண்டும், கூரை எத்தனை ஆண்டு ஒழுகாதிருக்க வேண்டும் என்று அத்தாளில் எழுதியிருந்தால் அது ஆயுதம். இல்லையேல் வெறும் தாள்.

ஹம்முராபியின் விதிகள் கல்லில் பொறிக்கப்பட்டன. நாலாயிரம் ஆண்டு வரைபடங்களும் வழக்குகளும் கடந்து, பொறுப்பு மறுபடி ஒருவரிடமே வந்து சேர்ந்திருக்கிறது. அதைக் கேட்டுப் பெற வேண்டிய வேலை மட்டும் இன்று அரசனுடையது அன்று. கொட்டகைக்கு முன்பணம் கொடுப்பதற்குமுன் ஒப்பந்தத்தை ஒருமுறை முழுதாகப் படிக்கும் அந்தச் சிறுவணிகருடையது.